வியாழக்கிழமை வண்டி

ராயப்பேட்டை
3-10-1943

மச்சான் ஹபீபுர் ரஹ்மானுக்கு ஸலாம்.

பெருநாள் விருந்தில் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிக்கொண்டு போனவருக்கு ஸலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. அத்தா கற்றுக்கொடுத்த மரியாதை அது. உங்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

என் தங்கை ஜஹீதாவை உங்களுக்குக் கொடுத்தது முதல் என் வீட்டு மாடியில்தான் இருந்தீர்கள். சாப்பாட்டில் குறை வைத்தோமா? வீட்டோடு மாப்பிள்ளை என்று உங்களை நான் சொல்லவில்லை, தெரு சொன்னது. நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அதற்காகப் பழி வாங்க, போன வருஷம் ஜப்பான்காரனுக்குப் பயந்து பாதிப் பட்டணம் ஓடியபோது, அடையாற்றுக்குத் தெற்கே திருவான்மியூர்ச் சாலையில் பொட்டல் மனையை வாங்கி வீடு கட்டிக்கொண்டீர்கள். கட்டுங்கள். ஓவர்சியர் அல்லவா, கட்டத்தான் தெரியும். ஆனால் நெஞ்சு நோய்க்காரியை அங்கே கூட்டிப்போய்க் குடிவைத்தீர்களே, என்ன நியாயம்?

டாக்டரம்மா நம் இருவரையும் ஒன்றாக நிற்கவைத்துத்தானே சொன்னார்? புண்பட்ட நுரையீரல் ஆற வேண்டுமானால் அது அசையாமல் சுருங்கிக் கிடக்க வேண்டும். அதற்காக விலாவில் ஊசி குத்திக் காற்றை ஏற்றுகிறார்கள். அந்தக் காற்று நாளாக ஆகக் கரைந்துபோகும். வாரா வாரம் வியாழக்கிழமை மறுபடி ஏற்ற வேண்டும். விட்டுவிட்டால் நுரையீரல் விரிந்து விலாவோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிவிட்டால் பிறகு எந்த டாக்டராலும் காற்றை ஏற்ற முடியாது. மாடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவள் இனிமேல் எப்படி வருவாள்? பெட்ரோலோ ரேஷன். பஸ்ஸோ கரியைப் போட்டு ஓட்டுகிறார்கள், பாதி நாள் ஓடுவதே இல்லை.

நான் சத்தியம் செய்தது உண்மை. என் காலும் என் குதிரையின் காலும் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டாது. இந்த வீட்டுக்குத் திரும்பும்வரை ஜஹீதாவோடு முகம் கொடுத்துப் பேசவும் மாட்டேன். உங்கள் பேச்சைக் கேட்டுத்தானே போனாள். ஆனாலும் என் ஜட்கா ஒன்று வியாழக்கிழமை காலை பாலத்தின் வடக்கு முனையில் நிற்கும். அவளை அங்கே கொண்டுவந்து ஏற்றுவது உங்கள் பாடு.

ஷரஃபுதீன்


அடையாறு
5-10-1943

ஜனாப் ஷரஃபுதீன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மாடியில் இருந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி ஏழு மாதம் ஜஹீதா மாடியில் இல்லை. இருமல் என்று தெரிந்த மறுநாளே லாயத்தை ஒட்டிய பின்னறைக்கு அவளை இறக்கிவிட்டீர்கள். குதிரைச் சாணத்தின் வாடை, ஈ, ஜன்னல் என்று சொல்ல ஓர் ஓட்டை. அவளுடைய தட்டில் ஆணியால் கோடு கீறி லாயத்துச் சுவரில் தனியாக மாட்டியது யார்? தங்கள் பேகமா, தாங்களா? நான் பார்த்தபோது ஆணி தங்கள் கையில் இருந்தது.

நல்ல காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்றும் அதே டாக்டரம்மா சொன்னார். அது தங்கள் காதில் விழவில்லை. என் வீட்டில் நான்கு பக்கமும் ஜன்னல் வைத்திருக்கிறேன். கடல்காற்று உள்ளே வருகிறது. அவள் தட்டும் என் தட்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன.

என் மனைவி நடுச்சாலையில் வண்டி மாற மாட்டாள். தங்கள் வண்டி வருவதானால் என் வாசலுக்கு வரட்டும். வராவிட்டால் நஷ்டமில்லை. இங்கும் பஸ் வருகிறது.

ஹபீபுர் ரஹ்மான்


ராயப்பேட்டை
22-10-1943

ஓவர்சியர் அவர்களே,

இங்கும் பஸ் வருகிறது என்று எழுதினீர்கள். வந்ததா?

முதல் வியாழக்கிழமையை விட்டுவிடுகிறேன். ஆறு கரைபுரண்டு ஓடியது, பாதி மயிலாப்பூர் தண்ணீரில் நின்றது. அது அல்லாஹ்வின் காரியம். இரண்டாவது வியாழக்கிழமை அவளைப் பஸ்ஸில் ஏற்றினீர்களாம். மந்தைவெளிக்கு முன்னாலேயே கரியடுப்பு அணைந்து வண்டி நின்றுவிட்டதாம். அவளை ஓரமாக மண்ணில் உட்காரவைத்திருந்து, சாயங்காலம் அப்படியே திருப்பிக் கூட்டிப்போனீர்களாம். கண்டக்டர் என் லாயத்துக்கு எதிர்வீடு. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நேற்று மூன்றாவது. நானே வண்டியோடு பாலத்தின் வடக்கு முனைக்கு வந்தேன். காலையிலிருந்து சாயங்கால அஸர் தொழுகை வரை நின்றேன். குதிரைக்குக் கொள்ளு கிடைக்காத காலத்தில் ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு, மீன்காரிகள் என்னைப் பார்த்துச் சிரிக்க, அந்தக் கரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் வரவில்லை.

மூன்று வாரம் காற்றில்லை, மச்சான். உங்கள் ஜன்னல்கள் சுகமாக இருக்கின்றனவா?

ஷரஃபுதீன்


அடையாறு
25-10-1943

ஜனாப் ஷரஃபுதீன் அவர்களுக்கு,

தாங்கள் நின்ற அதே வியாழக்கிழமை, ஜஹீதா விடிந்ததிலிருந்து புர்கா அணிந்து என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளமும் பஸ்ஸும் செய்ததைக் கேள்விப்பட்ட பிறகாவது அண்ணன் வண்டியை வாசலுக்கு அனுப்புவார் என்று நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். நடுப்பகல் லுஹர் பாங்கு கேட்டது. பிறகு எழுந்து உள்ளே போய்ப் புர்காவைக் கழற்றி மடித்துவைத்தாள்.

பாலம் வரை நான் கூட்டிவந்திருக்கலாமே என்பீர்கள். தங்கள் நிபந்தனைக்கு நான் தலை குனிந்து வர வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் எழுதியிருக்கவில்லை. அதேபோல் தாங்கள் பாலத்தைத் தாண்டியிருக்கலாம்.

இனி இப்படி நடக்கக் கூடாது. என் பக்கத்திலிருந்து ஒரு கை ரிக்ஷா அவளைப் பாலத்தின் தெற்கு முனையில் இறக்கிவிடும். தங்கள் வீட்டு மூத்த வேலைக்காரி ஜைதூன் பீ பாலத்தை நடந்து கடந்து வந்து அவளை அழைத்துப்போகட்டும். அந்தம்மாள் சத்தியம் எதுவும் செய்யவில்லை என்று நினைக்கிறேன். நானும் வரமாட்டேன், தாங்களும் அங்கே நிற்கக் கூடாது. வண்டிக்காரன் வழக்கம்போல் குதிரையின் தலைப்பக்கம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பெண்கள் ஏறி உட்கார்ந்து திரை போட்ட பிறகுதான் அவன் திரும்பலாம்.

இதை ஜஹீதாவுக்காக மட்டும் எழுதுகிறேன்.

ஹபீபுர் ரஹ்மான்


ராயப்பேட்டை
14-1-1944

ஓவர்சியர் மச்சானுக்கு,

நீங்கள் எழுதப்போவதில்லை என்று தெரியும். நன்றி சொல்ல மனம் வராது. அதனால் நானே எழுதுகிறேன்.

ஒரு வியாழக்கிழமைகூட என் வண்டி தவறவில்லை. பனியில், முஹர்ரம் கூட்டத்தில், குதிரைக்கு லாடம் கழன்ற நாளில்கூட வேறொருவன் குதிரையைப் பூட்டி அனுப்பினேன். பாலத்தில் நிற்கக் கூடாது என்றுதானே சொன்னீர்கள்? ஆஸ்பத்திரி வாசலுக்கு அந்தத் தடை இல்லையே. எதிர்த்தாற்போல் டீக்கடையில் உட்கார்ந்து, ஜட்கா வருவதையும் திரை விலகுவதையும் பார்த்துவிட்டுத்தான் என் தொழிலுக்குப் போகிறேன். பெண்கள் மட்டும் போகும் கோஷா வாசல் என்பதால் கிட்டே போவதில்லை. பேசவும் இல்லை, சத்தியம் சத்தியம்தான். ஆனால் கண்ணை மூடிக்கொள்வதாக நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் ஜைதூன் பீயின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இப்போது பாருங்கள், கிழவி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வர, இவள் முன்னால் விறுவிறுவென்று போகிறாள். நேற்று அந்த ஏழு படியையும் நிற்காமல் ஏறினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீக்கடைக்காரனுக்குத் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இது யாரால்? உங்கள் கடல்காற்றாலா? என் வண்டியால். அதைமட்டும் ஒரு வரி எழுதி ஒப்புக்கொள்ளுங்கள், போதும்.

ஷரஃபுதீன்


அடையாறு
18-1-1944

ஜனாப் ஷரஃபுதீன் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பரிகாசம் செய்கிறீர்களா, இல்லை புத்தி பேதலித்துவிட்டதா என்று தெரியவில்லை.

ஜஹீதாவால் கிணற்றடி வரை நடக்க முடியவில்லை. அந்தி ஆனால் காய்ச்சல் வருகிறது. மார்கழி முழுவதும் இருமினாள். போன வாரம் கைக்குட்டையில் இரத்தம் இருந்தது. சோறு இறங்கவில்லை, கன்னம் ஒட்டி எலும்பு தெரிகிறது. வியாழக்கிழமைகளில் திரும்பி வரும்போது டாக்டரம்மா என்ன சொன்னார் என்று கேட்கிறேன். எப்போதும்போலத்தான் என்கிறாள். அதற்கு மேல் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

இப்போது எனக்குக் காரணம் புரிகிறது. காற்று ஏற்றிய உடம்பை, மெத்தையில் தேங்காய் நார்கூட இல்லாத தங்கள் ஜட்காவில் மூன்று மைல் குலுக்கிக்கொண்டு வருகிறீர்கள். நன்றாக இருக்கிறாள் என்று எழுதிவிட்டால் பழி தங்கள் மேல் விழாது என்ற எண்ணம். ஏழு படி ஏறினாளாம். இங்கே இரண்டு படிக்கு அவளை நான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

ஹபீபுர் ரஹ்மான்


ராயப்பேட்டை
21-1-1944

பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டும்.

நேற்றும் பார்த்தேன். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். வண்டியிலிருந்து குதிக்காத குறை. வாசலில் ஒரு கிழவி கால் இடறி விழ, இவள் குனிந்து ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே போனாள். இரத்தம் கக்குகிறவளா இப்படிச் செய்வாள்?

உங்கள் கணக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கை தேறிவிட்டாள் என்றால் என் வண்டிக்குப் பெயர் வரும், வீட்டோடு மாப்பிள்ளைக்கு வயிறு எரியும். அவளைக் கட்டிலில் கிடத்தி நோயாளி என்று ஊரை நம்பவைத்து, வண்டியை நிறுத்தப் பார்க்கிறீர்கள். என் தங்கை உடம்பு தேறுவது பொறுக்காத மனுஷனை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஷரஃபுதீன்


அடையாறு
24-1-1944

ஜனாப் ஷரஃபுதீன் அவர்களுக்கு,

வரும் வியாழக்கிழமை முதல் ரிக்ஷா பாலத்துக்கு வராது. வண்டிக்காரனிடம் சொல்லிவிடுங்கள். லீவு கிடைத்ததும் அவளைத் தியாகராய நகரில் வேறு டாக்டரிடம் காட்டப்போகிறேன். இதைச் சொன்னபோது ஜஹீதா அழுதாள், வியாழக்கிழமை போகாமல் இருக்க முடியாது என்றாள். தங்கள் வண்டியில் அப்படி என்ன வைத்திருக்கிறீர்களோ தெரியவில்லை.

இனிமேல் கடிதம் வேண்டாம்.

ஹபீபுர் ரஹ்மான்


ராயப்பேட்டை
28-1-1944

மச்சான்,

வேண்டாம் என்றாலும் இதைப் படியுங்கள்.

ரிக்ஷா வராது என்று நீங்கள் எழுதியிருந்தும் வழக்கம்போல் வண்டியை அனுப்பினேன். ஒரு வீம்பு, அவ்வளவுதான். நேற்றும் ஆஸ்பத்திரி வாசலில் திரை விலகி, ஜைதூன் பீக்கு முன்னால் புர்கா இறங்கியது. உங்களை மீறி என் தங்கை வந்துவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சத்தியமாவது ஒன்றாவது என்று சாலையைக் கடந்து ஓடி, "ஜஹீதா" என்று கூப்பிட்டேன். ஜைதூன் பீ என் கையைப் பிடித்தாள். நான் உதறினேன்.

முகத்திரையைத் தூக்கியது வேறொருத்தி. நெற்றியில் பச்சை குத்தியிருந்தது. நாற்பது வயதுக்காரி.

"நான் வேலம்மா, சாயபு. உன் தங்கச்சி இல்ல. அது இங்க வந்து மாசக்கணக்கா ஆவுது," என்றாள். நான் என்ன செய்தேனோ, கை ஓங்கினேன் போலிருக்கிறது. "அடிக்கிறதுன்னா அடி. ஆனா மொதல்ல உள்ள போய் காத்து ஏத்திக்கினு வந்துடறேன். டைமாயிடுச்சு," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

ஜைதூன் பீயை மரத்தடியில் உட்காரவைத்துக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள். நீங்கள் ஏற்பாடு செய்த முதல் வியாழக்கிழமையும் அடுத்த வாரமும் ஜஹீதா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். டாக்டரம்மா இரண்டு வாரமும் ஊசி குத்திப் பார்த்திருக்கிறார். காற்று ஏறவில்லை. படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் சுற்றிலும் ஒட்டிப்போயிருக்கிறது. விட்டுப்போன அந்த மூன்று வாரத்தில் ஒட்டியது. விலா எலும்பை வெட்டும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறதாம், இவள் உடம்பு தாங்காதாம். வீட்டாருக்குச் சொல் என்று டாக்டரம்மா சொன்னதற்கு, அவர்களுக்குத் தெரியும் என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள்.

வேலம்மா பாலத்துக்குத் தெற்கே ஆற்றோரக் குடிசைக்காரி. அதே நோய், அதே ஊசி. ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் பழக்கம். அங்கிருந்து நடந்தே வருவாளாம், முடியாத வாரம் வரமாட்டாளாம். மூன்றாவது வாரம் ஜஹீதா அவள் குடிசையில் புர்காவைக் கழற்றி அவளுக்கு மாட்டி, ஜைதூன் பீயோடு பாலத்தைத் தாண்ட அனுப்பிவிட்டாள். வேற்று ஆளை ஏற்றக் கூடாது என்று வண்டிக்காரனுக்கு நான் கட்டளை போட்டிருந்தேன், அதற்குத்தான் அந்தப் புர்கா. அவனோ குதிரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் டீக்கடையில் உட்கார்ந்து ஊரான் பெண்டாட்டி நடப்பதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜஹீதா வண்டி திரும்பும்வரை அந்தக் குடிசை வாசலில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருப்பாளாம். நேற்று தான் வர முடியாததால், ரிக்ஷாக்காரன் மூலம் புர்காவை மட்டும் குடிசைக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஜைதூன் பீயைக் கேட்டேன். "நீ என்னிக்கு அவளோட பேசினே, அவளைப் பத்தி என்னைக் கேக்கறதுக்கு?" என்றாள்.

உங்கள் வாசற்படியில் அவளை உட்காரவைத்தீர்களே, அதை மறுமைநாள் வரை மன்னிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பாலத்தைத் தாண்டித்தான் வருகிறேன். அவளைப் பார்க்க வேண்டும்.

ஷரஃபுதீன்


அடையாறு
29-1-1944

ஜனாப் ஷரஃபுதீன் அவர்களுக்கு,

தபாலில் போட்டால் தாமதமாகும் என்று இதை ஆள் மூலம் அனுப்புகிறேன். நாளை வர வேண்டாம். நான் தடுக்கவில்லை. என் கதவு தங்களுக்குத் திறந்தே இருக்கும். ஜஹீதாதான் வர வேண்டாம் என்கிறாள்.

நேற்று மாலையே வந்துவிட்ட தங்கள் கடிதத்தை அவளிடமே படித்துக் காட்டினேன். உண்மைதான் என்றாள். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். கோபத்தில் கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பாதி தங்களுக்கு.

"அன்னிக்கு புர்காவைப் போட்டுக்கினு வாசல்ல ஒக்காந்திருந்தேன். அண்ணன் அந்த முனையில நின்னுக்கினு இருந்துச்சு. ரெண்டு பேர்ல ஒருத்தர் அந்தப் பாலத்தைத் தாண்டியிருந்தா போதும். காத்து ஏறலன்னு சொன்னா இன்னா ஆவும்? யார் தப்புன்னு ரெண்டு பேரும் காயிதம் எழுதிக்கினு இருப்பீங்க. ஆத்தோரம் அந்த சத்தம் கேக்காது, அதான் போனேன்."

சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சோறு போட வேண்டும், இல்லையா? அதுதான் பரிகாரம் என்று மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். தங்களிடம் அதற்கு அரிசி இல்லாமல் போகவில்லை. எனக்கு அந்தச் செலவும் கிடையாது. நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை, வெறும் வீம்புதான். இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தங்களை வெறுக்கிறேன் என்பதில் மாற்றமில்லை. பக்கத்தில் இன்னொரு ஆளையும் சேர்த்து வெறுக்க வேண்டியிருக்கிறது.

வேலம்மாவுக்கு இன்னும் ஒரு வருஷமாவது காற்று ஏற்ற வேண்டுமாம். வரும் வியாழக்கிழமை வண்டி பாலத்தைத் தாண்டித் தெற்கு முனைக்கே வர வேண்டும் என்று ஜஹீதா சொல்கிறாள். நோயாளி வெயிலில் பாலம் நடக்கக் கூடாதாம். வண்டி வராத வாரம் ரிக்ஷாவை நான் ஆஸ்பத்திரி வரை அனுப்ப வேண்டும். புர்காவும் வேண்டாம், அவள் சேலையிலேயே வரட்டும் என்கிறாள்.

கடைசியாக ஒன்று சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் சொன்னாள். "உங்க சண்டையால வேலம்மாவுக்கு ஒரு வியாழக்கிழமை தவறினாலும், என் ஜனாஸாவை நீங்க ரெண்டு பேரும் தொடக் கூடாது. குழியில எறக்கறது வேற யாராவது செய்யட்டும். உங்க கை மண்ணு எம்மேல விழ வேணாம். சரின்னு சொல்லுங்க."

அண்ணனைக் கேட்காமல் எப்படிச் சொல்வது என்றேன். அவள் திரும்பிப் படுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்களுக்கும் சேர்த்து நானே சரி என்று சொல்லிவிட்டேன்.

ஹபீபுர் ரஹ்மான்